டேங்க்குக்குப் பூட்டு, டிரைவருக்குப் பழி

கடலூர் துறைமுகத்தில் விடியற்காலை மீன் ஏலம் என்றால் லோடு வண்டிகளுக்கு நள்ளிரவிலேயே பொழுது விடிந்துவிடும். காலி ஐஸ் பெட்டிகளோடு வந்து வரிசையில் வண்டியைப் போட்டுவிட்டு, படகு கரை சேரும்வரை சீட்டிலேயே காலை மடக்கிப் படுத்துக்கொள்வார் டிரைவர். அவர் தலைமாட்டுக்குக் கொஞ்சம் பின்னால், சேஸிஸின் ஓரத்தில், மறைப்பு எதுவும் இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும் டீசல் டேங்க். ஒரு ட்யூப், ஒரு 20 லிட்டர் கேன், சில நிமிட இருட்டு. வேலை முடிந்துவிடும். ஏலம் முடிந்து சாவியைத் திருகும்போதுதான் முள் கீழே படுத்திருப்பது தெரியும்.

கார்களின் டேங்க் உடம்புக்குள் ஒளிந்திருக்கிறது. பிக்கப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குனிந்து உள்ளே போக வேண்டியதில்லை, பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும். கேன் டேங்கைவிடத் தாழ்வாக இருந்தால், ஒரு முறை உறிஞ்சிவிட்டதும் மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். மூடியில் பூட்டு இருந்தால் அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றுவார்கள். அதுவும் முடியாவிட்டால் ரப்பர் ஹோஸை அறுப்பார்கள். பிளாஸ்டிக் டேங்க் என்றால் பேட்டரி டிரில்லால் ஓட்டை போடவும் தயங்குவதில்லை. பெட்ரோல் டேங்கில் இந்த விளையாட்டுக்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேரலாம். டீசல் அவ்வளவு எளிதில் தீப்பிடிக்காது என்பது திருடனுக்குத் தைரியம்.

இது நம்மூர் வித்தை மட்டுமில்லை. 1973 எண்ணெய் நெருக்கடியின்போது அமெரிக்காவில் பூட்டு வைத்த டேங்க் மூடிகளுக்குக் கிராக்கி வந்தது. 2022-ல் அங்கே பெட்ரோல் கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியபோது, தரையிலிருந்து உயரமாக நிற்கும் பிக்கப் வண்டிகளின் டேங்க்கைத் துளைத்து எடுத்தார்கள். விலை ஏறும்போதெல்லாம் ட்யூபுக்கும் வேலை வருகிறது.

முழு டேங்க் என்ற அழைப்பு

கடலூருக்கு இதில் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. அங்கே வரி குறைவு, டீசலும் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. அந்தப் பக்கம் லோடு போகும் வண்டி திரும்பும்போது கழுத்துவரை நிரப்பிக்கொண்டுதான் எல்லை தாண்டும். மிச்சம் பிடித்த சந்தோஷத்தோடு டிரைவர் தூங்குவார். அந்த வண்டிகளின் டேங்க் நிறைந்திருக்கும் என்பது அவருக்குத் தெரிவதுபோலவே இன்னொருவருக்கும் தெரியும்.

வண்டி நிற்கும் இடமும் திருடனுக்கு வசதிதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் லோடு நின்றுவிடும். சில வண்டிகள் பண்ருட்டிப் பக்கம் பலாப்பழம் ஏற்றப் போகும். மற்றவை தெருவோரத்திலும் காலி மனையிலும் நாள்கணக்கில் நிற்கும். சிதம்பரத்திலோ தேரோடும் நான்கு வீதிகளையும் ஒட்டிய சந்துகளில் வீட்டுக்குள் வண்டி நுழையாது. ஆனித் திருமஞ்சனம், மார்கழி தரிசனம் என்று கூட்டம் சேரும் நாள்களில் வண்டியை எங்கோ ஊர் ஓரத்தில் விட்டுவிட்டு நடந்து வர வேண்டும். ராத்திரி வண்டி நிறுத்தப் பாதுகாப்பான இடம் வைத்திருக்கிறவர் எத்தனை பேர்?

5,000 ரூபாய்க் கோடு

சரி, திருட்டுப் போனால் புகார் கொடுக்கலாமே என்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். டீசல் லிட்டர் 94 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 50 லிட்டர் போனால் 4,700 ரூபாய். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவு திருட்டுக்கு மூன்றாண்டுவரை சிறை என்கிறது. ஆனால் திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் முறை தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவை. அதோடு முடியவில்லை. 5,000-க்குக் கீழான திருட்டில் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் காவல்துறை தானாகப் புலன்விசாரணை செய்ய முடியாது. குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியின் டேங்க்கை அடிவண்டல்வரை துடைத்தாலும் அந்தக் கோட்டைத் தொடாது.

சில்லறைத் திருட்டுக்கெல்லாம் சிறை என்றால் சிறையும் நீதிமன்றமும் தாங்காது என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் ஒரு நாள் லோடு கிடைத்தால்தான் அந்த மாதத் தவணை என்று ஓடுகிறவருக்கு 4,700 சில்லறை இல்லை.

தவிர, போனது டீசல் மட்டும் என்று எண்ண வேண்டாம். டேங்க் வறண்டால் லைனில் ஏர் பிடித்துக்கொள்ளும். பழைய வண்டியில் ஹேண்ட் பம்ப்பை அடித்து ஏர் எடுத்துவிடலாம். புது காமன் ரெயில் வண்டிகளில் ஹை பிரஷர் பம்புக்கு மசகே டீசல்தான். வறண்ட பம்ப்பைச் சுழற்றினால் திருடன் எடுத்ததைப்போலப் பல மடங்கு செலவை மெக்கானிக் எழுதிக் கொடுப்பார்.

கையில் கிடைக்கிறவர்

எனக்கு உறுத்துவது வேறு. திருடன் கிடைக்க மாட்டான், வழக்கு நகராது. ஆனால் நஷ்டம் யார் தலையிலாவது இறங்கித்தானே ஆக வேண்டும்? பக்கத்தில் நிற்பவர் டிரைவர். "மைலேஜ் வரலையே" என்ற இரண்டு வார்த்தையில் விசாரணை, தீர்ப்பு இரண்டும் முடிந்துவிடும். தண்டனை பேட்டாவில் பிடித்தம்.

டிரைவரே வழியில் டீசல் இறக்கி விற்ற கதைகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதைகள் இருப்பதாலேயே ஒவ்வொரு டிரைவரும் தினமும் குற்றவாளிக் கூண்டில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு பிக்கப் இருந்தது. சிதம்பரத்தில் ஒரு ஆனி மாதம், திருவிழாக் கூட்டத்துக்காகத் தள்ளி நிறுத்திய வண்டியில் விடிந்தபோது டேங்க் காலி. அப்பா சத்தம் போடவில்லை. சனிக்கிழமை கணக்கு முடிக்கும்போது 1,500 ரூபாயைக் குறைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். ஓட்டிய அண்ணன் எண்ணிப் பார்த்துவிட்டு, "சரிங்க முதலாளி" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

செய்யக்கூடியவை

பூட்டு மூடி போடுங்கள், ஆனால் அதோடு நிம்மதியடைந்துவிடாதீர்கள். கழுத்துக்குள் ட்யூப் இறங்காதபடி தடுப்புச் சல்லடை பொருத்தலாம். ட்ரெயின் போல்ட்டைச் சுற்றி இரும்புக் கூடு அடித்துத் தரும் பட்டறைகள் இருக்கின்றன. டேங்க்கைக் கழற்றிக் கழுவி ஆவி போக்காமல் அதன்மேல் வெல்டிங் வைக்க யாரையும் விடாதீர்கள். டேங்க் இருக்கும் பக்கம் சுவரோடு ஒட்டி நிற்கும்படி வண்டியைப் போடுவது காசில்லாத பாதுகாப்பு. இரண்டு வண்டி என்றால் டேங்க் பக்கங்கள் எதிரெதிராக ஒட்டி நிற்கட்டும். மறுநாள் வேலைக்குத் தேவையானதை மட்டும் நிரப்புங்கள்.

கடைசியாக ஒன்று. ராத்திரி வண்டியை விடும்போது கிலோமீட்டரும் டீசல் முள்ளும் தெரிகிற மாதிரி டிரைவர் ஒரு படம் எடுத்து ஓனருக்கு அனுப்பட்டும். காலையில் எடுக்கும்போது இன்னொன்று. டீசல் போனது ஓட்டத்திலா, நிறுத்தத்திலா என்பது அந்த இரண்டு படத்தில் தெரிந்துவிடும். ஓனர்கள் இதைக் கண்காணிப்பு என்று நினைக்கலாம். என்னைக் கேட்டால் டிரைவர் கையில் இருக்கும் ஒரே சாட்சி இதுதான்.

எங்கள் வண்டி ஓடிய காலத்தில் அந்தச் சாட்சி இல்லை. பிடித்தம் போன வாரத்துக்கு அடுத்த திங்கள்கிழமை அந்த அண்ணன் தன் காசில் ஒரு பூட்டு மூடி வாங்கி வந்து மாட்டினார். இரண்டு சாவியையும் மேசைமேல் வைத்து, "ரெண்டும் உங்ககிட்டயே இருக்கட்டும் முதலாளி" என்றார். அதன்பிறகு டீசல் போடப் போகும்போதெல்லாம் வாசலில் வந்து நின்று சாவி கேட்பார். போட்டுவிட்டு வந்து திருப்பிக் கொடுப்பார். "ஒண்ணை நீயே வச்சுக்கப்பா" என்று அப்பா எத்தனையோ முறை சொன்னார். அவர் வாங்கவே இல்லை.

வண்டியை விற்றபோது வாங்கியவருக்கு ஒரு சாவிதான் போனது. இன்னொன்று காலண்டர் ஆணியில் இன்னும் தொங்குகிறது. வருஷா வருஷம் காலண்டர் மாற்றும்போது அப்பா அதை எடுத்துவிட்டு, மறுபடி அங்கேயே மாட்டுகிறார்.