உரம் போட்ட அன்று மழை வந்தால்?

சில ஆண்டுகளுக்கு முன், ஜார்ஜ்டவுனில் நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் திடலுக்கு உரம் போட்டோம். காற்பந்துப் போட்டிக்கு இன்னும் ஒரு மாதமே இருந்தது. கோல் கம்பங்களுக்கு முன்னால் புல் வெளுத்து, மண் தெரிந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் கொடுத்த பணத்தில் 50 கிலோ யூரியா மூட்டை ஒன்று வாங்கினோம். அக்டோபர் மாதம், பகல் இரண்டு மணி. மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தோட்டக்காரர் தயங்கினார். "போடலாமா சார்?" என்று கேட்டார். "போடுங்கண்ணே, மழை வந்தா உரம் நல்லா கரைஞ்சு உள்ள இறங்கும்" என்றேன். அறிவியல் ஆசிரியர் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்?

நான்கு மணிக்கு மழை கொட்டியது. இரண்டு வாரம் கழித்தும் புல் அப்படியேதான் இருந்தது. ஆனால் திடலோரக் கால்வாயில் தண்ணீர் தேங்கும் மூலை மட்டும் பாண்டான் சாறு போலப் பச்சையாகியிருந்தது. சங்கத்தின் பணம் எங்கே போனது என்பதை அந்தப் பச்சை நிறம் சொல்லிவிட்டது.

நான் சொன்னது முழுத் தவறல்ல. பாதி உண்மை. அதுதான் சிக்கல்.

யூரியாவில் நைட்ரஜன் 46 விழுக்காடு. ஆகவே 50 கிலோ மூட்டையில் 23 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. 100 மீட்டர் நீளமும் 65 மீட்டர் அகலமும் கொண்ட திடலில் அதைத் தூவினால், ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது சுமார் மூன்றரை கிராம். அவ்வளவுதான். இந்தச் சிறிய அளவு வேருக்குப் போய்ச் சேர்கிறதா இல்லையா என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது.

மழையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். மண்ணிலும் காய்ந்த புல் துகள்களிலும் 'யூரியேஸ்' என்ற நொதி இருக்கிறது. நொதிகளைப் பற்றி உயிரியலில் படித்திருப்பீர்கள். இரவுப் பனியின் ஈரம் கிடைத்தாலே போதும், இந்த நொதி யூரியாவை அம்மோனியாவாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் உடைத்துவிடும். இந்த மாற்றம் மண்ணுக்குள் நடந்தால் நல்லது. மண்ணின் மேற்பரப்பில் நடந்தால் அம்மோனியா வாயுவாகி காற்றில் கலந்துவிடும். நம் ஊர் வெயிலில் இது இன்னும் வேகமாக நடக்கும். அப்படியானால் உரம் மண்ணுக்குள் இறங்கத் தண்ணீர் வேண்டும். என் பேச்சின் பாதி உண்மை இதுதான்.

மீதிப் பாதி மின்னூட்டத்தைப் பற்றியது. களிமண் துகள்களும் மட்கும் எதிர் மின்னூட்டம் கொண்டவை. அம்மோனியம் அயனி நேர் மின்னூட்டம் கொண்டது. ஆகவே மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆனால் யூரியா மூலக்கூறுக்கு மின்னூட்டமே கிடையாது. மண்ணுக்கு அதன் மேல் பிடி இல்லை. தண்ணீர் எங்கே போகிறதோ, கரைந்த யூரியாவும் அங்கே போகும். யூரியா அம்மோனியமாக மாறுவதற்குச் சில நாட்கள் தேவை. பிறகு நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபேக்டர் போன்ற பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அயனி எதிர் மின்னூட்டம் கொண்டதால் அதையும் மண் பிடித்து வைக்காது. ஆனால் அதற்குள் வேர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கும். ஆக, உரம் போட்ட முதல் சில நாட்கள்தான் ஆபத்தானவை. நான் போடச் சொன்னதோ மழைக்கு இரண்டு மணி நேரம் முன்பு.

எவ்வளவு மழை நல்லது? 1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். யூரியாவை மண்ணுக்குள் இறக்க 6 முதல் 12 மி.மீ. வரை போதும், அதுவும் மெதுவாக வர வேண்டும். நம் நாட்டின் வடிகால், நீர்ப்பாசனத் துறை மழையை நான்கு வகையாகப் பிரிக்கிறது: ஒரு மணி நேரத்தில் 1 முதல் 10 மி.மீ. வரை லேசான மழை, 11 முதல் 30 வரை மிதமான மழை, 31 முதல் 60 வரை கனமழை, 60க்கு மேல் மிகக் கனமழை. 60 மி.மீ. பெய்தால் நம் காற்பந்துத் திடலில் விழும் தண்ணீர் 390,000 லிட்டர். மாணவர்கள் ஓடி ஓடி இறுகிப்போன மண் அவ்வளவையும் உறிஞ்சுமா? மிஞ்சியது கால்வாய்க்குத்தான் ஓடும், கரைந்த உரத்தையும் இழுத்துக்கொண்டு.

தோட்டத்தில் வேலை செய்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால் செம்பனைக்கு உரம் போட்ட கதையைக் கேட்டுப் பாருங்கள். வானம் இருண்டால் உர வேலையை நிறுத்திவிட்டு வேறு வேலைக்கு ஆளை அனுப்பும் மண்டோரைப் பற்றிச் சொல்வார்கள். நான் பட்டயப் படிப்பில் கற்காததை அவர்கள் மேகத்தைப் பார்த்தே கற்றிருந்தார்கள்.

பினாங்கு மழைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தீபகற்பத்தின் வடமேற்குப் பகுதியில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை உச்சத்தில் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாவது உச்சம். ஜனவரி, பிப்ரவரியில் மிகக் குறைவு. 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பினாங்கை மூழ்கடித்த மழை உங்களில் பலருக்கு மங்கலாகவாவது நினைவிருக்கலாம். அதுவும் இந்த முதல் உச்ச காலத்தில் வந்ததுதான். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். அதனால் காலையில் உரம் போட்டால் தப்பித்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் 'சுமத்ரா' எனப்படும் சூறைக்காற்று மழை நீரிணையைக் கடந்து விடியற்காலையிலேயே வந்து இறங்கும்.

அப்படியானால் எப்போதுதான் போடுவது? வீட்டு முன்னால் 20 சதுர மீட்டர் புல்தரை இருந்தால் கவலையே வேண்டாம். அங்கே 10 மி.மீ. மழைக்கு ஈடு 200 லிட்டர் தண்ணீர்தான். மழை இல்லாத நாளில் உரத்தைத் தூவி, குழாயில் நீங்களே அளவாக 'மழை' பெய்ய வைக்கலாம். பள்ளித் திடலுக்கு அதே 10 மி.மீ. என்றால் 65,000 லிட்டர் வேண்டும். எந்தப் பள்ளியும் அதைக் குழாயில் ஊற்றாது. அதனால்தான் திடல் மழையை நம்பி இருக்கிறது. நாங்கள் இப்போது செய்வது இதுதான்: மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைசுவாச்சா செயலியில் அடுத்த சில நாள் முன்னறிவிப்பைப் பார்ப்போம். மண் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் சொதசொதப்பாக இருக்கக் கூடாது. புல் நுனிகள் காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் குருணைகள் ஒட்டிக்கொண்டு இலையைக் கருக்கிவிடும். கனமழை எச்சரிக்கை இருந்தால் மூட்டையைப் பிரிப்பதே இல்லை. ஒரு மூட்டையை ஒரே நாளில் கொட்டாமல், பாதியை இப்போதும் மீதியைச் சில வாரங்கள் கழித்தும் போடுகிறோம். முன்னறிவிப்பு பொய்த்தாலும் பாதி தப்பும். கடற்கரையை ஒட்டிய பாடாங் கோத்தா லாமா போன்ற திடல்களில் இந்தக் கவனம் இன்னும் அதிகம் தேவை.

கால்வாயில் போனது அங்கேயே நிற்பதில்லை. நகரின் பல கால்வாய்கள் சுங்கை பினாங்கில் சேர்கின்றன, அந்த ஆறு கடலில் சேர்கிறது. நைட்ரஜனும் பாஸ்பரசும் கிடைத்த பாசி பெருகும். அது இறந்து மட்கும்போது பாக்டீரியாக்கள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். மீன்கள் மூச்சுத் திணறும். நேர்மையாகச் சொன்னால், ஒரு பள்ளியின் ஒரு மூட்டை யூரியாவை விட நகரின் கழிவுநீர்தான் ஆற்றுக்குப் பெரிய சுமை. ஆனால் கழிவுநீரை நான் என் கையால் கொட்டவில்லை. யூரியாவைக் கொட்டச் சொன்னது நான்தான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மூன்று 1.5 லிட்டர் பிளாஸ்டிக் புட்டிகளின் மேல்பகுதியை வெட்டி, அடியில் துளையிட்டு, ஈர மண்ணைச் சம அளவில் நிரப்பிக் கிண்ணங்களின் மேல் வையுங்கள். முதல் இரண்டில் மட்டும் கலப்பு உரத்தில் பத்துக் குருணை தூவுங்கள். புட்டியின் விட்டம் 9 செ.மீ. என்றால் 10 மி.மீ. மழை சுமார் 64 மி.லி., 60 மி.மீ. மழை சுமார் 380 மி.லி. முதல் புட்டியில் 64 மி.லி. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மற்ற இரண்டிலும் 380 மி.லி. தண்ணீரை வேகமாக ஊற்றுங்கள். கிண்ணத்தில் வடிந்த நீரைத் தனித்தனிக் கண்ணாடிக் குவளைகளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி குளத்து நீர் சேர்த்து, சன்னலோரம் இரண்டு வாரம் வையுங்கள். வாயை மெல்லிய துணியால் கட்ட மறக்காதீர்கள். ஏடிஸ் கொசுவும் இந்தச் சோதனையில் ஆர்வம் காட்டும். எந்தக் குவளை முதலில் பச்சையாகிறது என்று தேதியோடு எழுதி வையுங்கள். முதல் புட்டியிலிருந்து ஒரு சொட்டு நீர்கூட வடியாமல் போகலாம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு முடிவுதான்.