அழுகையும் பெருமிதமும்: செய்திப்படங்களின் உணர்ச்சி ஆற்றல் குறித்த ஒரு மெய்ப்பாட்டு நோக்கு

முன்னுரை

நாளிதழ்களில் வெளிவரும் செய்திகளுள் பெரும்பாலானவை மறுநாளே மறக்கப்படுகின்றன. ஆயினும் சில செய்திப்படங்கள் ஒரு தலைமுறை கடந்தும் மக்கள் மனத்தில் நிலைத்து நிற்கின்றன. நிகழ்வின் நாளும் காரணமும் நினைவிலிருந்து நழுவிய பின்னரும் படம் மட்டும் எஞ்சுகிறது. அசைவும் ஓசையும் அற்ற ஒரு தாள், காண்போரைக் கண்கலங்கவும் சினங்கொள்ளவும் செய்யும் ஆற்றலை எங்கிருந்து பெறுகின்றது? அவ்வாற்றலுக்கு எல்லை உண்டா? இவ்வினாக்களுக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் 2007ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட செய்திப்படங்களை முதன்மையாகவும், கடலூர், கொழும்பு, சைகோன் ஆகிய இடங்களில் எடுக்கப்பட்ட படங்களைத் துணையாகவும் கொண்டு விடைகாண இக்கட்டுரை முற்படுகிறது. நோக்குக் கருவியாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை எடுத்துக்கொள்கிறோம்.

மெய்ப்பாட்டியலும் நிழற்படமும்

மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்ச்சி உடலின்வழிப் புறத்தே புலப்படுவதாகும். நிழற்படக் கருவிக்கு மனத்தைக் காணும் வாய்ப்பு இல்லை. குனிந்த தலை, விரிந்த உள்ளங்கை, இறுகிய தாடை ஆகியவற்றையே அது பதிவு செய்கிறது. ஆகவே உடலை வாயிலாகக் கொண்டு உணர்ச்சியை விளக்கும் மெய்ப்பாட்டுக் கோட்பாடு, செய்திப்படத்தை ஆராய்வதற்கு இயல்பாகவே பொருந்துகின்றது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்ததோடு நில்லாமல், ஒவ்வொன்றும் தோன்றுவதற்குரிய நிலைக்களன்கள் நான்கினையும் கூறினார். அழுகைக்கு இழவும் வறுமையும், பெருமிதத்துக்குத் தறுகண்மையும், வெகுளிக்கு அலைத்தலும் கொலையும் களன்களாக அமைவதை நாம் அறிவோம். ஒரு செய்திப்படத்தின் முன் நிற்கும்போது ‘இது துயரமானது’ என்று சொல்லி அமைவதைவிட, அத்துயரம் எக்களனில் தோன்றியது என்று வினவுவது பயன்தரும். இழப்பினால் எழும் அழுகையும் இழிவுபடுத்தப்பட்டமையால் எழும் அழுகையும் காண்போரை வெவ்வேறு செயலுக்குத் தூண்டுகின்றன. முன்னது உதவிக்கு அழைக்கிறது. பின்னது நீதி கேட்கிறது.

கடலூர், 2004

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கரையோரத்தில் ஏறத்தாழ 8000 உயிர்களைக் கொண்டுசென்றது. இருநாள் கழித்துக் கடலூரில் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் ஆர்கோ தத்தா எடுத்த படம், அவ்வாண்டின் சிறந்த உலகச் செய்திப்படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மணல்மீது கவிழ்ந்து கிடந்து, உள்ளங்கைகள் மேல்நோக்க அழுகின்ற ஒரு பெண் அதில் காணப்படுகிறார். அவர் உறவினரின் உடல் படத்தில் இல்லை. சட்டத்தின் ஓரத்தில் இறந்தவரின் கை மட்டுமே தெரிகின்றது.

பிரெஞ்சு அறிஞர் ரோலண்ட் பார்த் 1980இல் வெளியிட்ட தம் நூலில், ஒரு படத்தின்பால் நமக்கு ஏற்படும் பொது ஈடுபாடு ஒன்று, அப்படத்தின் ஏதோ ஒரு சிறு கூறு நம்மைத் தைப்பது மற்றொன்று என வேறுபடுத்திக் காட்டினார். கடலூர்ப் படத்தில் தைக்கும் கூறு அந்தக் கையே என நாம் கருதுகிறோம். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர் என்ற எண்ணிக்கையை அறிவு ஏற்றுக்கொள்கிறது. மனமோ ஓர் உடலை, ஒரு கையைப் பற்றிக்கொண்டே துயரத்துக்குள் நுழைகிறது. உடலைக் காட்டாது விட்டமையால் காண்போர் அதனைத் தம் மனத்தில் தாமே நிறைவு செய்ய நேர்கிறது. அகப்பாடல்களில் சொல்லாமல் விடப்பட்டதைக் கேட்போர் உணர்ந்துகொள்வதற்கு நிகரான செயல் இது.

கொழும்பு, 1983

படத்தினுள் இருப்போரின் மெய்ப்பாடும் படத்தைக் காண்போரின் மெய்ப்பாடும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 1983 ஜூலை இனக்கலவரத்தின்போது கொழும்பின் பொரளைப் பகுதியில் சந்திரகுப்த அமரசிங்க என்னும் சிங்கள நிழற்படக்காரர் எடுத்த படம் இதற்குச் சான்றாகும். ஆடை களையப்பட்ட தமிழ் இளைஞர் ஒருவர் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார். அவரைச் சூழ்ந்தோர் களிப்புடன் காணப்படுகின்றனர்.

நகைக்குத் தொல்காப்பியர் கூறும் நான்கு களன்களுள் எள்ளலும் ஒன்று. அப்படத்தில் சூழ நிற்போரிடம் காண்பது எள்ளலால் எழுந்த நகையே. ஆனால் அந்நகை நம்மிடம் நகையை எழுப்பவில்லை. அச்சத்தையும் வெகுளியையும் எழுப்புகின்றது. அவர்கள் முகத்தில் சினம் மட்டும் இருந்திருந்தால் இப்படம் கலவரப் படங்களுள் ஒன்றாகவே எஞ்சியிருக்கக்கூடும். ஒரு மனிதனின் இழிவு பிறர்க்கு விளையாட்டாக மாறிய கணம் பதிவானமையே அதன் தாங்கொணாத் தன்மைக்குக் காரணம். அதைப் பதிவு செய்தவர் பெரும்பான்மை இனத்தவர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. இரக்கத்துக்கு இன எல்லை இல்லை என்பதற்கு அப்படமே சான்று.

அம்பாங் சாலை, 2007

இனி நம் மண்ணுக்கு வருவோம். 2007 அக்டோபர் 30ஆம் நாள் ஷா ஆலாம் நகரையொட்டிய பாடாங் ஜாவாவில் மாரியம்மன் ஆலயம் ஒன்று இடிக்கப்பட்டது. தீபாவளிக்குச் சில நாள்களே எஞ்சியிருந்த வேளையில் அவ்விடிபாடுகளின் படங்கள் இல்லந்தோறும் பேசப்பட்டன. நவம்பர் 25ஆம் நாள் இண்ட்ராப் இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் பல்லாயிரவர் கோலாலம்பூர் அம்பாங் சாலையில் திரண்டனர். பிரிட்டிஷ் தூதரகத்தில் மனு அளிப்பது அவர்களின் நோக்கம். அதிகாலையில் பத்துமலையிலும், பின்னர் இரட்டைக் கோபுரங்களை அடுத்த சாலைகளிலும் கண்ணீர்ப்புகையும் இரசாயனம் கலந்த நீரும் கூட்டத்தின்மீது பாய்ச்சப்பட்டன. பேரணிக்கு முன்னர் இயக்கத்தினர் மூவர்மீது கிள்ளான் நீதிமன்றத்தில் தேச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டதும், பேரணிக்கு மறுநாள் அதே நீதிமன்றத்தில் அவர்கள் விடுவிக்கப்பட்டதும் இவ்வட்டாரத்தார் நன்கறிந்த செய்திகள்.

அன்றைய படங்களுள் உலகெங்கும் சென்றவை, காந்தியடிகளின் உருவப்படத்தை உயர்த்திப் பிடித்து நின்றவர்களைக் காட்டியவையாகும். இவை படத்துக்குள் படம் அமைந்தவை. காந்தியின் உருவம் நம் சமூகத்துக்குப் புதிதன்று. இல்லச் சுவர்களிலும் தோட்டப்புற மண்டபங்களிலும் பல தலைமுறைகள் கண்டு பழகிய முகம் அது. சுவரில் மாலையுடன் இருந்த படம் சாலையில் நீர்த்தாரையின் முன் நின்றபோது, பழகிய பொருள் புதிய பொருளைப் பெற்றது. ‘நாங்கள் வன்முறையாளர் அல்லர்’ என்பதை ஒரு சொல்லும் இன்றி அது உலகுக்கு உரைத்தது.

இப்படங்களின் மெய்ப்பாடு யாது? நனைந்த உடல்களில் வருத்தம் தெரிகின்றது; ஆயினும் அழுகை முதன்மை பெறவில்லை. அஞ்சத்தக்க சூழலில் அஞ்சாது நிற்கும் தறுகண்மையே மேலோங்குகிறது. எனவே இதனைப் பெருமிதம் எனக் கொள்வதே பொருத்தம். தோட்டத் துண்டாடலால் இடம்பெயர்ந்தோராக, வறியோராக, இரங்கத்தக்கோராக மட்டுமே செய்திகளில் இடம்பெற்று வந்த ஒரு சமூகம், இப்படங்களில் தன்னை வேறு மெய்ப்பாட்டில் கண்டது. அவை மலேசியத் தமிழரிடையே பெற்ற ஆற்றலுக்கு இம்மாற்றமே அடிப்படை என்பது எங்கள் கருத்து.

2007 டிசம்பர் 13ஆம் நாள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டுக் கமுந்திங் முகாமில் வைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான மா. மனோகரன், 2008 மார்ச் 8ஆம் நாள் நடைபெற்ற பொதுத்தேர்தலில், தடுப்புக் காவலில் இருந்தவாறே கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். ஆளுங்கூட்டணி அத்தேர்தலில் நாடாளுமன்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மையையும் சிலாங்கூர் ஆட்சியையும் இழந்தது. இவற்றைப் படங்களே நிகழ்த்தின எனக் கூறுதல் மிகையாகும். நெடுங்காலக் குறைகள் முன்பே இருந்தன. பிற இனத்தாரின் அதிருப்தியும் சேர்ந்தது. இல்லாத உணர்ச்சியைப் படம் உண்டாக்குவதில்லை. சிதறிக் கிடந்த உணர்ச்சிக்கு அது ஒரு வடிவம் கொடுத்து, ‘நாம் தனித்தவர் அல்லர்’ என்னும் தெளிவை அளிக்கிறது.

படம் உரைக்காதவை

உணர்ச்சி மிகுந்த படம் முழு உண்மையையும் உரைத்துவிட்டதாக நாம் எண்ணிவிடுவது இயல்பு. 1968 பிப்ரவரி 1ஆம் நாள் சைகோன் தெருவில் தென்வியட்நாம் காவல்துறைத் தலைவர் கைதி ஒருவரைச் சுட்ட கணத்தை எடி ஆடம்ஸ் எடுத்தார். அதே நிகழ்வைத் தொலைக்காட்சிக் குழுவினரும் அசையும் படமாகப் பதிவு செய்தனர். எனினும் மக்கள் நினைவில் நின்றது அசையாப் படமே. ஓடும் காட்சி கடந்து போய்விடுகிறது; நின்ற காட்சியோ சுடப்படுவதற்கும் வீழ்வதற்கும் இடைப்பட்ட நொடியிலேயே நம்மை நிறுத்தி வைக்கிறது.

அந்நொடிக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை அப்படம் கூறவில்லை. புலிட்சர் பரிசு பெற்றுத்தந்த அப்படத்தைக் குறித்து ஆடம்ஸ் பிற்காலத்தில் வருந்தினார். தளபதி துப்பாக்கியால் கைதியைக் கொன்றது போலத் தம் கருவியால் தாம் தளபதியைக் கொன்றுவிட்டதாக அவர் கருதினார். 1972 ஜூன் 8ஆம் நாள் எடுக்கப்பட்ட, எரிகுண்டுக்குத் தப்பி ஓடிவரும் வியட்நாமியச் சிறுமியின் படம் பிறிதொரு பாடத்தை அளிக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் நிக் உட் என்பவர் பெயரால் அறியப்பட்ட அப்படத்தை எடுத்தவர் யார் என்பது 2025இல் சர்ச்சைக்குள்ளானது. உலகச் செய்திப்பட அமைப்பு அவர் பெயரை நிறுத்தி வைத்தது. ஏபி நிறுவனம் அவர் பெயரையே தொடர்ந்து வழங்கி வருகிறது. உலகறிந்த படத்துக்கே இந்நிலை எனில், பெயரும் நாளும் குறிக்கப்படாத படங்களின் நிலை கூறவேண்டுவதில்லை.

மிகுதியாகக் காட்டப்படும் துன்பம் மரத்துப்போகச் செய்யும் என்பது சூசன் சொன்டாக் 1977இல் முன்வைத்த கருத்து. 2003இல் அவரே அதனை மறுபரிசீலனை செய்தார். படங்கள் நம்மை மரத்துப்போகச் செய்கின்றனவா என்பதைவிட, கண்ட பின் என்ன செய்வது என்று அறியாத நிலையே இரக்கத்தை வற்றச் செய்கிறது எனலாம்.

படம் இல்லாத துயரம்

இவ்விடத்தில் கிள்ளானின் பழைய நிகழ்வு ஒன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1941இல் இவ்வட்டாரத் தோட்டத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதிய உயர்வு, பிள்ளைகளின் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றோடு, வெள்ளைக்காரத் துரையைக் கண்டதும் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டிய வழக்கத்தை நீக்குமாறும் அவர்கள் கேட்டனர். தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வரவழைக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

இத்தனை பெரிய நிகழ்வை நினைத்தவுடன் நம் மனத்தில் எழும் படம் ஒன்றேனும் உண்டா? இல்லை. துரையைக் கண்டு மிதிவண்டியிலிருந்து இறங்கும் ஒரு தொழிலாளியின் படம் இருந்திருக்குமானால், அது நம் பாடநூல்களில் இடம்பெற்று, ஒவ்வொரு மாணவருக்கும் தெரிந்திருக்கும். நிழற்படக் கருவி அக்காலத்தில் துரையின் கையில் இருந்தது; தொழிலாளியின் கையில் இல்லை. எனவே செய்திப்படத்தின் ஆற்றலைப் போற்றும்போதே, எவர் துயரம் படமாகிறது, எவர் துயரம் படமாகாமலே மறைகிறது என்னும் வினாவையும் எழுப்புதல் நம் கடன். படம் இன்மையால் ஒரு துயரம் சிறிதாகிவிடாது.

முடிவுரை

மெய்ப்பாட்டின் நயம், கண்ணாலும் செவியாலும் தெளிவாக உணர வல்லவர்க்கே விளங்கும் என்பது மெய்ப்பாட்டியல் இறுதியில் வலியுறுத்தும் கருத்தாகும். செய்திப்படம் கண்ணுக்கு உரியதை நிறைவாகத் தருகின்றது. செவிக்கு உரியதை, அதாவது யார், எங்கே, ஏன், பின்னர் என்ன ஆயிற்று என்பவற்றை, நாம்தாம் சேர்த்தல் வேண்டும்.

இப்பணி தமிழாசிரியர்க்கு மிகவும் ஏற்றது. வகுப்பில் ஒரு செய்திப்படத்தைக் காட்டி, முதலில் மாணவர் காணும் மெய்ப்பாட்டையும், அடுத்து அதன் களனையும், இறுதியாகப் படம் கூறாதவற்றையும் எழுதச் செய்யலாம். உணர்ச்சியையும் ஆராய்ச்சியையும் ஒருங்கே பழக்கும் பயிற்சியாக இது அமையும். அம்பாங் சாலையில் நின்றோர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். 1941ஆம் ஆண்டு நிகழ்வைப் பெற்றோர் வாய்க்கேட்டோரும் கிள்ளான், காப்பார் வட்டாரங்களில் இருக்கக்கூடும். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனதை நாம் கண்டோம். இதழ்களும் மனிதர்களும் மறையுமுன், வீடுகளில் உள்ள படங்களின் பின்புறத்தில் பெயர், இடம், நாள் ஆகியவற்றை எழுதி வைக்கவும், உரியவர் இசைவோடு அவர்தம் கூற்றுகளைப் பதிவு செய்யவும் மாணவரை ஊக்குவித்தல் வேண்டும். படம் எழுப்பும் கண்ணீர் விரைவில் உலர்ந்துவிடும். அதனோடு சேர்த்து வைக்கப்படும் சான்றே அடுத்த தலைமுறைக்கு அப்படத்தைப் படிக்கும் தகுதியை அளிக்கும்.