ஹார்மோன் மாத்திரை எடுக்கும் திருநங்கைகள் இளநீர் குடிக்கலாமா?

ராயபுரம் முதல் எண்ணூர் வரை, வெயில் ஏறினா முதல்ல தேடுறது இளநீர். ஆனா திருநங்கைகள் சிலர் எடுத்துக்கொள்ளும் 'ஸ்பைரோனோலாக்டோன்' மாத்திரைக்கும் இளநீருக்கும் ஒரு தொடர்பு இருக்கு. என்ன அது?

ஆண் ஹார்மோனைத் தடுக்கப் பயன்படும் இது, அடிப்படையில் ரத்த அழுத்த மருந்து. சிறுநீரில் சோடியம் அதிகமாக வெளியேறும். பொட்டாசியம் உடலிலேயே தங்கும். அளவு மீறினால் இதயத் துடிப்பு தடுமாறலாம்.

ஒரு டம்ளர் இளநீரில் சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கு. சிறுநீரகம் நல்லா இருந்தா, எப்பவாவது குடிக்க பயப்பட வேண்டாம். தினமும் குடிப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிடுங்க. சமையலில் கவனிக்க வேண்டியது 'லோ சோடியம்' உப்பு. அதில் சேர்ப்பதே பொட்டாசியம் குளோரைடுதான். சாதா உப்பே போதும்.

குடம் கனக்குதா?

ஈஸ்ட்ரோஜன் தொடங்கி 3 முதல் 6 மாதங்களில் தசை பலம் குறைய ஆரம்பிக்கும். சாதாரணமா தூக்கின தண்ணிக் குடம் கனமா தெரியும். இது நோய் இல்லை.

மெடிக்கல்ல தானா வாங்கிப் போடுறதுதான் ஆபத்து. பொட்டாசியம் ஏறுவது பெரும்பாலும் ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் திருநர்களுக்குத் தனி கிளினிக் இருக்கு.