மூட்டை கட்டி வைத்தால் மஞ்சள் டீ!

‘மஞ்சள் டீ’ என்றதும் ஜலதோஷத்துக்குப் பாட்டி கொடுக்கும் சமாசாரம் என்று நினைத்தால், ஸாரி. இதில் மஞ்சள் பொடி ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. பதினொரு மணிக்கு உங்கள் ஆபீஸ் மேஜைக்கு வருகிறதே, அந்த டீயின் அதே செடிதான் இதுவும். பறித்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

சீனாவில் ஹுனான் மாநிலம். அங்கே டோங்டிங் என்று ஓர் ஏரி. அதற்குள் ஜுன்ஷான் என்று ஒரு தீவு. மொத்தமே ஒரு சதுர கிலோமீட்டர் தேறாது! மஞ்சள் டீயில் பெயர் பெற்ற ‘ஜுன்ஷான் யின்ஷென்’ இங்கேதான் விளைகிறது. ‘வெள்ளி ஊசி’ என்று அர்த்தம். இலையெல்லாம் கிடையாது, வசந்தத்தின் ஆரம்பத்தில் விரியாத மொட்டு மட்டும்தான். மழை பெய்தால் பறிக்க மாட்டார்கள். பூச்சி கடித்த மொட்டைத் தொட மாட்டார்கள். ஒரு கிலோ சேர ஏறக்குறைய 50 ஆயிரம் மொட்டு வேண்டும் என்கிறார்கள். எண்ணிப் பார்க்க யாருக்குப் பொறுமை?

இனி விஷயத்துக்கு வருவோம். மொட்டைச் சூடான வாணலியில் வாட்டுகிறார்கள். இலையைக் கறுக்க வைக்கும் நொதி அதோடு காலி. இத்துடன் காய வைத்தால் அது கிரீன் டீ, கதை முடிந்தது. மஞ்சள் டீக்காரர்கள் இங்கேதான் ஒரு வேலை செய்கிறார்கள். பாதி காய்ந்த மொட்டுகளை, வெதுவெதுப்பும் ஈரமும் இருக்கும்போதே, காகிதத்தில் பொட்டலம் கட்டிப் பெட்டியில் மூடி வைக்கிறார்கள். சுமார் இரண்டு நாள். பிறகு பிரித்து, கொஞ்சம் காய வைத்து, மறுபடி ஒரு நாள் கட்டு. உள்ளே புழுங்கப் புழுங்கப் பச்சையம் சிதைகிறது, துவர்ப்பு மழுங்குகிறது, பச்சை வாசனை போய்விடுகிறது. மிஞ்சுவது மஞ்சள் நிறமும் மெல்லிய இனிப்பும்.

கேட்க சுலபம். ஆனால் சூடு கொஞ்சம் ஏறினாலும் ஈரம் கொஞ்சம் கூடினாலும் மூன்று நாள் உழைப்பும் குப்பைக்கு! எப்போது பிரிப்பது என்பதைக் கையும் மூக்கும்தான் சொல்ல வேண்டும்.

அங்கேதான் சிக்கல். அதே மொட்டை கிரீன் டீயாகச் செய்தால் சீக்கிரம் முடியும், ரிஸ்க் இல்லை, சந்தைக்கு முதலில் போகலாம். முதலில் போனால் நல்ல விலை. பிறகு எந்த மடையன் மூட்டை கட்டிக்கொண்டு உட்காருவான்? அப்படித்தான் பலர் விட்டுவிட்டார்கள். சிலர் இன்னும் கெட்டிக்காரர்கள்: ஒப்புக்குக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு, ‘மஞ்சள்’ என்று லேபிள் ஒட்டி அனுப்புகிறார்கள். சீனாவின் பாரம்பரிய டீத் தயாரிப்பு முறைகளை யுனெஸ்கோ 2022-ல் தன் பட்டியலில் சேர்த்தது. கௌரவம்தான். பொட்டலம் கட்டப் பொறுமையான ஆள் வேண்டுமே!

சீன மொழியில் மஞ்சளும் ‘ஹுவாங்’, சக்கரவர்த்தியும் ‘ஹுவாங்’. ‘ராஜா குடித்த டீ’ என்று கதை விட இது ரொம்ப வசதி.

கண்ணாடி டம்ளரில், கொதி அடங்கிய 80 டிகிரி வெந்நீரில் போட்டால் மொட்டுகள் செங்குத்தாக எழுந்து நிற்கும். மெல்ல இறங்கும், சில மறுபடி ஏறும். பார்க்க அழகு. அதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள், கிரீன் டீ மொட்டும் இப்படி நிற்கும். முகர்ந்து பாருங்கள். புல் வெட்டிய வாசனை வந்தால், கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும், நீங்கள் வாங்கியது கிரீன் டீதான்.