செவியின் எல்லைகள்

எழுத்தொலி பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் பிறப்பியல் என்னும் தனி இயலில் விளக்கியுள்ளார். உந்தியில் எழும் காற்று எங்கெங்கே தங்கி, எவ்வெவ்வுறுப்புகளின் முயற்சியால் ஒலியாகிறது என்பதை நுணுகி ஆராய்ந்த மரபு நம்முடையது. அவ்வொலி சென்று சேரும் செவியோ, தான் கேட்பதை எந்த அளவுக்கு உள்ளவாறே கேட்கிறது? வீட்டின் ஓர் அறையிலேயே பாடலை உருவாக்க முனையும் இளைஞர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய வினா இது.

சேலத்திற்கு ஒலிப்பதிவுக் கலை புதிதன்று. டி. ஆர். சுந்தரம் 1930களில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்படங்களை வழங்கியது. அக்காலத்தில் ஒரு பாடலைப் பதிவு செய்யப் பெருங்கூடமும் பயிற்சி பெற்ற பொறியாளரும் வேண்டியிருந்தனர். ஏ. ஆர். ரகுமான் சென்னையில் தம் வீட்டையொட்டி 1989இல் அமைத்த 'பஞ்சதன் ரெக்கார்டு இன்' அந்நிலை மாறுவதற்கு ஓர் அடையாளம். 1992இல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் இசை, வீட்டுக் கூடத்தின் ஆற்றலை நாடறியச் செய்தது. இன்று செவ்வாய்ப்பேட்டையின் ஒரு மாடியறையில் கணினியும் ஒலிவாங்கியும் இருந்தால் போதும், பாடல் உருவாகிவிடும். ஆனால் அங்கே பொறியாளர் இல்லை. ஒலிக்கெனச் செப்பனிட்ட சுவர்கள் இல்லை. செவி ஒன்றே நடுவர்.

அந்நடுவர் முழுமையாக நம்பத்தக்கவர் அல்லர். மனிதச் செவி 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அது நல்ல இளஞ்செவிக்குரிய அளவு. அகவை கூடக்கூட மேலெல்லை இறங்கும். ஐம்பதைக் கடந்த என் போன்றோர் கேட்க இயலாத மெல்லிய கீச்சொலியை என் மாணவர்கள் எளிதில் கேட்கின்றனர். இவ்வெல்லைக்குள்ளும் செவி எல்லா ஒலிகளையும் ஒருபடித்தாகக் கேட்பதில்லை. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளுக்கு அது மிகக் கூர்மையானது. தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தமானது. இவ்வேறுபாட்டை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிளெட்சர், மன்சன் இருவரும் 1933இல் வரைகோடுகளாக வெளியிட்டனர். இன்றைய அளவீட்டின்படி, 1,000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபெல்லில் தரும் உரப்பை 100 ஹெர்ட்ஸ் ஒலி தருவதற்கு ஏறக்குறைய 64 டெசிபெல் தேவை. ஒலி பெருகப் பெருக இவ்விடைவெளி குறையும்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். அண்டை வீட்டார் உறங்கும் நள்ளிரவில், ஒலியைக் குறைத்து வைத்து ஒருவர் பாடலைக் கோக்கிறார். தாழொலி போதவில்லை எனத் தோன்ற, அதனைக் கூட்டுகிறார். அதே பாடல் ஆடித் திருவிழாப் பந்தலில் உரத்து ஒலிக்கும்போது தாழொலி மட்டும் அதிர்ந்து, பாடுபவரின் சொல் அதனுள் மூழ்கிவிடுகிறது. பல நாள் உழைத்து எழுதிய வரிகள் எவர் காதையும் எட்டுவதில்லை. கருவிகளில் குறையில்லை, செவி காட்டிய அளவே பிறழ்ந்தது.

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கான ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் தாழொலியையும் உச்ச ஒலியையும் சற்றே மிகுத்துக் காட்டும். கேட்பவர் மகிழ வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். ஸ்டுடியோ மானிட்டர் எனப்படும் ஒலிபெருக்கி, கொலுசுக் கடையில் வெள்ளி நிறுக்கும் தராசு போன்றது. உள்ளதை உள்ளவாறு காட்டுவதே அதன் வேலை. 1978இல் வெளிவந்த யமஹா என்எஸ்-10 வீட்டுப் பயன்பாட்டுக்கென உருவாக்கப்பட்டது. இனிமை சேர்க்காமல் பதிவின் குறைகளை அது வெளிப்படையாகக் காட்டியதால், உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் இடம்பிடித்தது.

எனினும் சிறந்த மானிட்டரும் அறையை வெல்ல இயலாது; பலர் பணத்தைச் செலவிட்டபின் உணரும் உண்மை இது. பத்தடி நீள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸில் நிலையலை தோன்றும். சுவரோரம் அவ்வொலி முழங்கும். அறையின் நட்ட நடுவே ஏறத்தாழ மறைந்துவிடும். நடுவில் அமர்ந்து கேட்பவர் இல்லாத குறைக்கு மருந்திடுவார். நாமக்கல்லுக்கு அருகில் வாழும் நமக்கு முட்டைத் தட்டுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைச் சுவரெங்கும் ஒட்டி அறையைச் செப்பனிட்டுவிட்டதாக நிறைவு கொள்வாரும் உளர். அவ்வொலியின் அலைநீளமோ ஆறு மீட்டருக்கும் மேல். மெல்லிய அட்டைக்கு அது எங்ஙனம் அடங்கும்? மூலைகளில் தடித்த பஞ்சு மெத்தைகளை நிறுத்தினால் ஓரளவு பயனுண்டு. இரு மானிட்டர்களும் கேட்பவர் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும்; உச்ச ஒலி எழும் சிறுகூம்பு செவியின் உயரத்தில் இருக்க வேண்டும். அதன்பின் அதே பாடலைக் கைப்பேசியிலும் பேருந்திலும் தேநீர்க் கடை வானொலிப் பெட்டியிலும் கேட்டு ஒப்பிடுவது நன்று.

அறை ஏமாற்றுகிறது என்று காதணிபேசிக்கு மாறுவோர் வேறோர் இடரைச் சந்திக்கின்றனர். நெடுநேரம் உரத்துக் கேட்ட செவி தற்காலிகமாக மந்தமடையும். மந்தத்தை ஈடுசெய்ய ஒலி மேலும் கூட்டப்படும். 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் எஞ்சுவது பதினைந்து நிமிடமே.

உட்செவியின் நத்தை எலும்பில் ஒலியை உணர்பவை நுண்ணிய மயிர்ச்செல்கள். ஒலிமிகையால் இறந்த இச்செல்கள் கோழி போன்ற பறவைகளில் மீண்டும் முளைப்பதை அறிவியலாளர் 1980களின் பிற்பகுதியில் கண்டறிந்தனர். மனிதரின் நத்தை எலும்பில் அவை மீண்டும் முளைப்பதில்லை.