மாரிக்கு வேண்டிய விறகைக் கோடையிற் பிளந்து வைத்தல்

வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிலும் பெய்கின்றது. காலபோக வேலைகளும் அதே காலத்தில் வந்து குவிகின்றன. அப்பொழுது விறகைப்பற்றி எண்ண நேரமில்லை. எண்ணினாலும் நனைந்த விறகை உலர்த்த வெயிலில்லை. ஆகவே மாரி விறகு என்பது கோடை வேலைகளுள் ஒன்றாகும். 2022ஆம் ஆண்டு சமையல் எரிவாயு அரிதானபோது பல குடும்பங்கள் விறகடுப்புக்கே திரும்பின. எரிவாயு பாவிப்போரும் சிறிதளவு உலர்விறகை வைத்திருத்தல் நன்று.

புதிதாக வெட்டிய மரத்தின் நிறையில் ஏறக்குறைய அரைப்பங்கு நீராக இருத்தல் கூடும். அடுப்பில் இட்டதும் அந்நீர் ஆவியாதற்கே வெப்பத்தின் ஒரு பகுதி செலவாகின்றது. தீயும் தணிந்து புகையாகின்றது. நன்கு உலர்ந்த விறகில் ஈரம் ஐந்திலொரு பங்குக்கு மேற்படாது. ஒரே நிறையுள்ள பச்சை விறகு, உலர்விறகு தரும் வெப்பத்தில் அரைப்பங்குக்குச் சற்று மேலாகவே தரும். நிறுத்து விற்கப்படும் பச்சை விறகை வாங்குபவர் நீருக்கும் பணங் கொடுக்கின்றார். அதனினும் பெரிய நட்டம் புகையால் வருவது. மாரியில் மழைச்சாரலுக்கஞ்சி அடுக்களைக் கதவையும் சன்னலையும் சாத்தி வைப்பதால், அடுப்படியில் நிற்கும் பெண்களும் அருகிலுள்ள குழந்தைகளுமே அப்புகையை உட்கொள்கின்றனர். நாட்பட்ட நுரையீரல் நோய்களுக்கு அது ஒரு காரணமாகும்.

விறகு வெட்டப்பட்ட நாளிலிருந்து உலருகின்றது என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அது பிளக்கப்பட்ட நாளிலிருந்தே செவ்வையாக உலரத் தொடங்குகின்றது. பட்டை நீரை வெளியேறவிடாது தடுக்கும். முழுக்குற்றி வெளியே வெடித்திருப்பினும் உள்ளே பல மாதங்கள் ஈரமாகவே இருக்கும். ஆதலால் மரத்தை ஒன்றரை அடித் துண்டுகளாகத் தறித்து, மணிக்கட்டின் பருமனுக்குப் பிளத்தல் வேண்டும். ஆனி மாதத்துக்குள் இதனை முடித்துவிட்டால், யாழ்ப்பாணத்திற் சோளகம் என்றும் மட்டக்களப்பிற் கச்சான் என்றும் வழங்கும் வறட்காற்று மிகுதி வேலையைச் செய்துவிடும். இரண்டு மூன்று மாதங்களில் விறகு எரிக்கும் பதத்தை அடையும். ஆவணியில் வெட்டிய பருமரத்தை அவ்வாண்டு மாரிக்கு நம்பியிருத்தலாகாது.

பெரும்பாலான மரங்கள் பச்சையாயிருக்கும்போதே எளிதிற் பிளக்கும். காய்ந்தபின் கோடாலியைப் பற்றிக்கொள்ளும். குற்றியின் நடுவில் அடிப்பதிலும், ஓரத்திலிருந்து சீவிச் சீவி உள்நோக்கி வருதல் இலகுவானது. கணுவுள்ள பக்கத்தை நிலத்தை நோக்கி வைத்து மறுபக்கத்தில் வெட்டவேண்டும். புளி போன்ற முறுக்கிழை மரங்களுக்கு இரும்பு ஆப்பே ஏற்றது. ஆடும் காம்புள்ள கோடாலியைத் தொடவே கூடாது.

எவ்வளவு வேண்டுமென்று அறிய, ஒருநாட் சமையலுக்குச் செலவாகும் விறகை நிறுத்து 100 நாட்களாற் பெருக்குக. நாளொன்றுக்கு 5 கிலோ செலவாகும் வீட்டுக்கு 500 கிலோ தேவை. நெல் அவிப்போர் அதற்கென வேறாகச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

அடுக்குவதற்குக் கற்களை வைத்து, அவற்றின்மேற் கம்புகளைப் பரப்பி, நிலத்திலிருந்து ஓரடி உயர்த்துக. இதனாற் கறையான் ஏறுவது குறையும். புடையன் போன்ற பாம்புகள் அடியில் தங்கினும் கண்ணிற் படும். எவ்வாறாயினும் இருளில் விளக்கின்றி அடுக்கினுட் கைவிடுதல் ஆபத்தானது. துண்டுகளுக்கிடையே காற்றோட இடைவெளி வேண்டும். மாரி மழையை வாடைக்காற்றே கொண்டுவருவதால் வடகிழக்குப் பக்கத்தைக் கிடுகினால் மறைத்து, தென்மேற்கைத் திறந்துவிடலாம். படங்கினால் மேற்பக்கத்தை மட்டும் மூடுக. நாற்புறமும் மூடிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று விறகிற் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்பின் மேலுள்ள பரணில் இரண்டு மூன்று நாட்களுக்குரிய விறகே போதும். கிடுகுக் கூரையாயின் அதுவும் வேண்டாம்.

விறகு உலர்ந்ததா என அறிய, ஒரு துண்டை அடையாளமிட்டு வாரந்தோறும் நிறுத்துப் பார்க்கலாம். நிறை குறையாது நிற்குமாயின் அது காய்ந்துவிட்டது. இரு துண்டுகளை மோதினால் எழும் கணீரென்ற ஓசையும் அதனையே காட்டும்.

விறகு தேடிக் காட்டுக்குச் செல்வதிலும் வேலியிலேயே வளர்த்தல் மேலானது. ஒதுக்கக் காடுகளில் மரம் வெட்டுதல் குற்றமாகும். போர் 2009இல் முடிந்தபோதிலும், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடங்களுள் ஒரு சுள்ளிக்காகவேனும் கால்வைத்தலாகாது. சொந்த வளவிலாயினும் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க அனுமதி பெறவேண்டும். சீமைக்கிளுவை எனப்படும் கிளிரிசீடியாவோ வெட்ட வெட்டத் தழைப்பது. மூன்றடி உயரம் விட்டு வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். தழை மிளகாய், கத்தரிப் பாத்திகளுக்குப் பசளையாகும். கம்புகள் மெல்லியவையாதலாற் பிளக்காமலே உலரும். காவோலை, கங்குமட்டை, ஊமல் என்பன தீ மூட்ட உதவும்.

அலரியை எரித்தலாகாது, அதன் புகையும் நஞ்சு. கடலோரத்துத் தில்லை மரத்தின் பால் கண்ணைக் கெடுக்கும். வர்ணம் பூசிய பலகையும் அடுப்புக்குரியதன்று. அவை கலவாத அடுப்பின் சாம்பலைச் சேர்த்து வைத்து, பொட்டாசியம் வேண்டும் வாழைக்கும் மரக்கறிக்கும் சிறிது சிறிதாக இடலாம். யூரியாவுடன் மட்டும் அதனைக் கலத்தலாகாது. கலந்தால் நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும்.