கல்லைக் கண்ணாடியாக்கும் படிப்பு

நிலவியல் மாணவர் என்றாலே சுத்தியலோடு மலையேறுபவர்தான் நம் நினைவுக்கு வருவார். களப்பயணம் முடிந்து திரும்பியதும் அவருக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது. உடைத்தெடுத்து வந்த கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்துப் படிக்க வேண்டும்.

கருங்கல்லுக்குள் ஒளி போகுமா? போகும். 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்கு, அதாவது தலைமுடியைவிட மெல்லியதாகத் தேய்த்துவிட்டால், இரும்புத்தாது போன்ற சிலவற்றைத் தவிரப் பெரும்பாலான கனிமங்கள் ஒளியை உள்ளே விடுகின்றன. இந்தச் சீவலை மாணவர்கள் ‘தின் செக்‌ஷன்’ என்பார்கள். வைரத்தூள் பதித்த ரம்பத்தால் கல்லிலிருந்து ஒரு சில்லை அறுத்து, ஒரு பக்கத்தை கார்பொரண்டம் தூளும் தண்ணீரும் விட்டு வழவழப்பாக்கி, எபாக்சி பசையால் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார்கள். பிறகு மறுபக்கத்தைத் தேய்க்க வேண்டும். போகப்போகத் தூளும் நைசாகிக்கொண்டே வரும்.

எப்போது நிறுத்துவது? அதைக் கல்லே சொல்லிவிடும். நிலவியலாளரின் நுண்ணோக்கியில், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் அனுமதிக்கும் இரண்டு வடிகட்டிகள், கல்லுக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இருக்கும். அவற்றை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்தால் வெறும் கண்ணாடி இருட்டாகத் தெரியும். பெரும்பாலான கனிமங்களோ ஒளியை இரு கதிர்களாகப் பிரித்து, வெவ்வேறு வேகத்தில் அனுப்புகின்றன. இரண்டும் மேல் வடிகட்டியில் சேரும்போது நிறங்கள் பிறக்கின்றன. தடிமன் மாறினால் நிறமும் மாறும். குவார்ட்ஸ் மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். சாம்பலும் வெள்ளையுமாகிவிட்டால் பதம் வந்துவிட்டது. அதற்கு மேல் கை நீண்டால் கல்லே கரைந்து போய்விடும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சோர்பி, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த முறையைப் பாறை ஆய்வுக்குக் கொண்டுவந்தவர். இதைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1858இல் வெளியானது.

நம் பக்கத்துக் கல் ஒன்றையே பார்ப்போம். சென்னையில் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் கிடைக்கும் நீலச்சாயல் கொண்ட கருங்கல்லுக்கு ‘சார்னோக்கைட்’ என்று பெயர். கொல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருந்த கல்லை ஆராய்ந்து, 1893இல் இந்தப் பெயரை வைத்தவர் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து. கையில் எடுத்துப் பார்த்தால் வெறும் கருமையான கல். சீவி நுண்ணோக்கியில் வைத்து, மேல் வடிகட்டியை விலக்கிவிட்டு, சீவல் இருக்கும் மேடையைச் சுழற்றினால், ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமத்தின் மணி ஒன்று இளஞ்சிவப்பிலிருந்து வெளிர்பச்சைக்கு மாறும். வடிகட்டியை மீண்டும் நுழைத்தால் பிளேஜியோகிளேஸ் என்ற கனிமத்தின் மணியில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் வரிசை கட்டும். ஹைப்பர்ஸ்தீன் உருவாகக் கடும் வெப்பமும் நீர் குறைந்த சூழலும் வேண்டும். ஆகவே இன்று வெயிலில் கிடக்கும் இந்தக் கல், ஒரு காலத்தில் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து கிடந்தது என்று மாணவருக்குப் புரிகிறது.

இந்தப் பயிற்சி தேர்வோடு முடிந்துவிடுவதில்லை; கட்டுமானத்திலும் உதவுகிறது. மேடையைச் சுழற்றும்போது சில குவார்ட்ஸ் மணிகள் ஒரேயடியாக இருளாமல், நிழல் நகர்வதுபோல மெல்ல இருளும். நிலத்தின் அழுத்தத்தில் அவற்றின் படிகக் கட்டமைப்பு வளைந்திருப்பதற்கு அது அடையாளம். இப்படிப்பட்ட மணிகள் மிகுந்த ஜல்லியை கான்கிரீட்டில் போட்டால், சிமெண்டின் காரத்தோடு வினைபுரிந்து, நாளடைவில் கான்கிரீட் உப்பி விரிசல் விட வாய்ப்புண்டு. அணை கட்டத் தேர்ந்தெடுக்கும் ஜல்லியை முன்கூட்டியே சீவிப் பார்ப்பது அதனால்தான். அந்தச் சீவலைப் பார்த்துவிட்டு “இந்தக் குவாரிக் கல் வேண்டாம்” என்று சொல்ல, நிலவியல் படித்த கண் தேவைப்படுகிறது.